சிக்னல், பட ஆய்வில் கணிதக்காரருக்கு என்ன வேலை? வேவ்லெட் புராஜெக்ட் எடுக்கலாமா?

தக்கலை_கணிதம்:

எம்.எஸ்சி. கணிதம் கடைசி வருடம், வீடு தக்கலைப் பக்கம். புராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டிருக்கிறார்கள். இங்க்ரிட் டோபெஷி என்ற பெல்ஜியக் கணிதக்காரரின் உரை ஒன்றைப் பார்த்ததிலிருந்து வேவ்லெட், அதாவது சிக்னலைப் பெரிதும் சிறிதுமான குட்டி அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை, மண்டையை விட்டுப் போகவில்லை, அதனால் அதையே எழுதிக் கொடுத்தேன். "இது இசிஇ பிள்ளைகள் செய்கிற வேலை, கணிதத்தில் ஏதாவது எடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் மென்பொருளில் நாலு வரி தட்டிப் படத்தைச் சுருக்கிக் காட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் முதல் வரியிலேயே ஹில்பர்ட் வெளி. நடுவில் இருப்பது எங்குமே கிடைக்கவில்லை. சிக்னல், படம் என்று வரும் ஆராய்ச்சியில் கணிதக்காரர் செய்வது சரியாக எந்தப் பகுதி? எனக்கு ஃபங்ஷனல் அனாலிசிஸ் ஒரு செமஸ்டர், மெஷர் தியரி கொஞ்சம் தெரியும், பைத்தான் இப்போதுதான் கற்கிறேன். அப்புறம் ஒன்று, நம் மாவட்டத்திலேயே இருக்கும் ஏதாவது சிக்னலை அல்லது படத்தை எடுத்துச் செய்ய முடியுமா? வீட்டில் பி.எட். போகச் சொல்கிறார்கள், அதற்கு முன் இதை ஒழுங்காகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

வடசேரி_அனலிசிஸ்:

தங்கச்சி, தாராளமாக எடுக்கலாம். "இது இசிஇ வேலைதானே" என்று துறையில் கேட்பதற்கு என்ன பதில் சொல்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், கல்லூரியில் இதைப் பாடமாக நடத்துகிறவன் என்பதால் நீளமாகப் போய்விடும், பொறுத்துக்கொள்.

முதலில் கையால் ஒரு கணக்கு. ஒரு படத்தின் ஒரு வரியில் எட்டு பிக்சல்கள்: 120, 122, 121, 121, 40, 42, 41, 41. இரண்டிரண்டாகச் சேர்த்துச் சராசரி எடு: 121, 121, 41, 41. ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தில் பாதி: -1, 0, -1, 0. சராசரிகளை மறுபடியும் ஜோடி சேர்த்தால் 121, 41, வித்தியாசங்கள் 0, 0. கடைசியாக 81, வித்தியாசம் 40. ஆக எட்டு எண்கள் 81, 40, 0, 0, -1, 0, -1, 0 என்று மாறிவிட்டன. அந்த இரண்டு -1 ஐயும் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பக் கட்டினால் 121 நான்கு முறை, 41 நான்கு முறை வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் வெளிச்சம் எங்கே சட்டென்று இறங்குகிறது என்ற செய்தி அப்படியே இருக்கிறது. இதுதான் ஆல்ஃபிரெட் ஹார் 1910-ல் வெளியிட்ட அடிப்படைச் சார்புகள். அவர் படத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஃபூரியே தொடரில், அதாவது சைன், கொசைன் அலைகளின் கூட்டாக எழுதும்போது, தொடர்ச்சியான சார்பு கூடச் சில புள்ளிகளில் குவியாமல் போகிறதே, அப்படி ஆகாத ஆர்த்தோநார்மல் அமைப்பு (ஒன்றுக்கொன்று செங்குத்தான, ஓரலகு நீளமுள்ள சார்புகள்) ஒன்று உண்டா என்று தேடினார்.

ஃபூரியேயில் இதே வரியைச் செய்தால் அந்த ஒரு இறக்கத்துக்காக எல்லா அதிர்வெண்களும் கிளம்பி வரும், தாவும் இடத்தில் தாவலின் உயரத்தில் ஏறக்குறைய 9 சதவீதம் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், எத்தனை உறுப்பு சேர்த்தாலும் அது குறையாது. கிப்ஸ் நிகழ்வு என்று படித்திருப்பாய்.

சரி, ஹார் இருக்கும்போது வேறு எதற்கு? ஹாரின் சார்பு படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து இருக்கும். முகம், மேகம் போன்ற மெதுவாக மாறும் பகுதிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். வழுவழுப்பாகவும் வேண்டும், சின்ன இடத்துக்குள் அடங்கவும் வேண்டும், ஆர்த்தோநார்மலாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்குமா என்பது பொறியியல் கேள்வியே இல்லை, சுத்தமான இருப்புக் கேள்வி. 1980-களின் தொடக்கத்தில் ழான் மொர்லே என்ற நில இயற்பியலாளர் எண்ணெய் தேடும் அதிர்வுப் பதிவுகளுக்காக வேவ்லெட் மாதிரி ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார், அலெக்ஸ் கிராஸ்மன் என்ற இயற்பியலாளர் அதற்குக் கணித அடித்தளம் போட்டுக் கொடுத்தார். 1985-ல் ஈவ் மெயர் உள்ளே வருகிறார். ஒரே சார்பை நேரத்திலும் அதிர்வெண்ணிலும் நகர்த்தி நகர்த்திக் கிடைக்கும் கேபோர் வகைச் சார்புகளில் நேரத்திலும் அதிர்வெண்ணிலும் நன்றாக அடங்கிய ஆர்த்தோநார்மல் அடிப்படை கிடையாது என்று பாலியன்-லோ தேற்றம் சொல்கிறது. வேவ்லெட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நிரூபிக்கப் போனவர், நிரூபணத்தின் முடிவில் அப்படி ஒரு அடிப்படையையே கட்டிவிட்டார்! 2017-ல் ஏபெல் பரிசு வாங்கினார். எனக்குக் கணித வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த கட்டம் இது.

ஆனால் மெயரின் வேவ்லெட் இரண்டு பக்கமும் முடிவில்லாமல் நீளும், கணினியில் எங்காவது வெட்டியாக வேண்டும். டோபெஷி 1988-ல் செய்தது அந்த இடத்தில்தான். ஸ்டெஃபான் மல்லாவும் மெயரும் உருவாக்கிய பல்தெளிவு அமைப்பை (சிக்னலைக் கரடான தெளிவிலிருந்து நுணுக்கமான தெளிவு வரை அடுக்கடுக்காகப் பார்ப்பது) எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சார்பை எழுதாமல் வடிகட்டியின் கெழுக்களிலிருந்து தொடங்கினார். ஒரு திரிகோணமிதிப் பல்லுறுப்புக்கோவை எந்த நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும் என்று பார்த்து, அதைத் தீர்த்து, அதிலிருந்து சார்பை எடுத்தார். வேவ்லெட்டின் முதல் N மொமெண்டுகள் (அதை 1, x, x² என்ற அடுக்குகளால் பெருக்கித் தொகையிட்டால் வருபவை) பூச்சியம் ஆக வேண்டும் என்றால் 2N கெழுக்கள் போதும். N = 2 க்கு நான்கே எண்கள், (1+√3)/(4√2) என்று தொடங்கும், நீயே கையால் தீர்க்கலாம். அந்தச் சார்புக்கு மூடிய சூத்திரம் கிடையாது, படம் வரைந்தால் முள் முள்ளாக இருக்கும், ஆனாலும் தொடர்ச்சியானது. N கூடக் கூட வழுவழுப்பும் கூடும் என்று நிரூபித்தார். சின்ன இடத்துக்குள் அடங்கிய, மெய்மதிப்புள்ள ஆர்த்தோநார்மல் வேவ்லெட்டுகளில் ஹாரைத் தவிர வேறு எதுவும் சமச்சீராக இருக்க முடியாது என்பதும் நிரூபணம். ஒரு கருவியை எவ்வளவு திருகினாலும் எதைக் கொடுக்காது என்று சொல்வது கணிதக்காரரால்தான் முடியும், துறையில் கேட்டால் இந்த ஒரு வரியைச் சொல்.

அப்புறம் கோயனும் ஃபோவோவும் டோபெஷியோடு சேர்ந்து ஆர்த்தோநார்மல் நிபந்தனையைத் தளர்த்திச் சமச்சீரை மீட்டார்கள், 1992. அதில் 9/7 என்ற வடிகட்டி ஜோடிதான் ஜேபெக் 2000 என்ற படச் சுருக்கத் தரத்தில் இருக்கிறது. டிசிஐ என்ற திரையரங்குத் தரத்தில் வரும் டிஜிட்டல் சினிமாவின் ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக் 2000 தான். அமெரிக்க எஃப்பிஐ கைரேகைகளைச் சுருக்கிச் சேமிக்க எடுத்துக்கொண்டதும் வேவ்லெட்தான்.

முட்டம்_அலை:

அண்ணன் எழுதியதோடு நம் ஊர் சிக்னல் ஒன்றைச் சேர்க்கிறேன். கள்ளக்கடல்.

நான் கடல் சார்ந்த பொறியியல் வேலையில் இருக்கிறேன், வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். சித்திரை, வைகாசியில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் ஏறி வந்து வள்ளத்தைத் தூக்கி வீட்டுச் சுவரில் அடிக்கும். நம் கரையில் அடித்த காற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலின் கடைசியில், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் எழுப்பிய அலை நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இப்போது முன்னெச்சரிக்கை கொடுக்கிறது.

இதில் கணிதம் எங்கே என்றால், ஆழ்கடலில் அலைக் கூட்டம் போகும் வேகம் அதன் அலைவு நேரத்தைப் பொறுத்தது: புவியீர்ப்பு முடுக்கம் g-ஐ அலைவு நேரத்தால் பெருக்கி 4π-யால் வகுக்க வேண்டும். 18 விநாடி அலை மணிக்கு 50 கிலோமீட்டர், 14 விநாடி அலை மணிக்கு 39 கிலோமீட்டர். 7000 கிலோமீட்டர் தள்ளிப் புயல் என்றால் முதலாவது ஆறு நாளுக்குள் வந்துவிடும், இரண்டாவது ஏழு நாள் தாண்டித்தான் வரும். கரையில் மிதவை வைத்துப் பதிவு செய்தால் முதலில் நீண்ட அலை, அப்புறம் மெல்ல மெல்லக் குட்டையான அலை, அதாவது அதிர்வெண் நேரத்தோடு நேர்கோட்டில் ஏறும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து புயல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று திருப்பிக் கணக்குப் போடலாம்! பார்பரும் அர்செல்லும் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் எடுத்த பதிவுகளை வைத்து 1948-ல் இதைக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் நிஜப் பதிவில் உள்ளூர்க் காற்றின் அலை மேலே ஏறி உட்கார்ந்திருக்கும், ஒரே நேரத்தில் இரண்டு புயலின் அலையும் வரலாம். மொத்தப் பதிவையும் ஒரே ஃபூரியேயில் போட்டால் எந்த அதிர்வெண் எந்த நாளில் வந்தது என்பது தொலைந்துவிடும். தங்கச்சி, டோபெஷியின் இன்னொரு வேலை இங்கேதான் உதவும். சிங்க்ரோஸ்க்வீசிங் என்று பெயர், லூ, வூ இருவரோடும் சேர்ந்து 2011-ல் எழுதினார். வேவ்லெட் படத்தில் மங்கலாகப் பரவிக் கிடக்கும் ஆற்றலை அதன் சரியான அதிர்வெண்ணுக்கு நகர்த்திக் கோட்டைக் கூர்மையாக்கும் முறை. கூறுகள் போதுமான அளவு விலகியிருந்தால் ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட பிழைக்குள் பிரித்தெடுக்கலாம் என்று தேற்றம் இருக்கிறது. எங்கள் மாதிரி ஆட்கள் மென்பொருளில் பொத்தானை அழுத்திவிட்டு வரும் படத்தை நம்புகிறோம், அந்த "போதுமான அளவு" எவ்வளவு என்பதை யாராவது அலைப் பதிவுக்கு உட்கார்ந்து கணக்கிட்டுச் சொன்னால் கரையில் இருக்கிறவர்களுக்கு நிஜமான உதவி.

ஸ்கேன்_அறை:

நான் நாகர்கோவிலில் எம்ஆர்ஐ எடுக்கும் வேலை பார்க்கிறேன், கணிதம் பிளஸ் டூ வரைதான். ஆனால் இந்த விஷயத்தின் பலனைத் தினமும் பார்க்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

எம்ஆர்ஐ மெஷின் படத்தை நேராக எடுப்பதில்லை, அண்ணன் சொன்ன ஃபூரியே கெழுக்களைத்தான் ஒவ்வொரு வரியாக அளக்கிறது, அதனால்தான் இவ்வளவு நேரம் பிடிக்கிறது. குழந்தைகளும் மூச்சு வாங்குகிற வயதானவர்களும் அசையாமல் படுத்திருக்கவே முடியாது, அசைந்தால் படம் முழுவதும் நிழல் நிழலாக வரும். புதிய மெஷின்களில் கம்ப்ரெஸ்டு சென்சிங் என்று ஒரு வசதி வருகிறது, கொஞ்சம் அளவுகளை மட்டும் எடுத்து மீதியைக் கணக்கால் மீட்கிறது, நேரம் நன்றாகக் குறைகிறது. பயிற்சிக்கு வந்தவர் இது கணிதக்காரர்கள் கண்டுபிடித்தது என்று சொன்னார். அளவுக்கு மீறி வேகத்தைக் கூட்டினால் படம் மெழுகு பூசியது போல ஆகிவிடும், டாக்டர் பார்த்தவுடன் திருப்பி எடுக்கச் சொல்வார். எவ்வளவு வரை குறைக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டா?

வடசேரி_அனலிசிஸ்:

உண்டு சார், அதுதான் அந்தத் துறையின் உயிரே. 2006-ல் கான்டெஸ், ராம்பர்க், டெரன்ஸ் டாவ் மூவரும் ஒரு பக்கம், டோனஹோ இன்னொரு பக்கம் வெளியிட்டார்கள். 512-க்கு 512 சோதனைப் படம் ஒன்றை 22 ஆரக்கோடுகளில் மட்டும் அளந்த ஃபூரியே கெழுக்களிலிருந்து பிசகில்லாமல் அந்த மூவரும் மீட்டுக் காட்டினார்கள். கூடவே தேற்றமும் கொடுத்தார்கள்: N இடங்களில் S இடம் மட்டும் பூச்சியம் இல்லாத சிக்னல் என்றால், தற்செயலாகத் தேர்ந்த ஏறக்குறைய S பெருக்கல் log N அளவுகள் போதும், மட்டு மதிப்புகளின் கூட்டுத்தொகை மிகக் குறைந்த விடையைத் தேடினால் மிக அதிக நிகழ்தகவோடு அதுதான் சரியான விடை. உடம்பின் படம் நேரடியாக அப்படி இருக்காது, ஆனால் வேவ்லெட்டில் எழுதினால் பெரும்பாலான கெழுக்கள் பூச்சியத்தை ஒட்டி வந்துவிடும். அதனால்தான் இரண்டு ஆராய்ச்சியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நீங்கள் சொல்லும் மெழுகுப் பூச்சு, அளவுகள் போதாதபோது சின்னக் கெழுக்களெல்லாம் சேர்ந்து அழிந்துபோவதால் வருவது.

மார்த்தாண்டம்_டெவ்:

எல்லாம் சரி, ஆனால் இப்போது இதையெல்லாம் நியூரல் நெட்வொர்க் செய்கிறதே. இரைச்சல் நீக்குவது, படத்தைத் தெளிவாக்குவது, எம்ஆர்ஐ மீட்பது எல்லாவற்றிலும் அதுதான் முன்னே நிற்கிறது. வேவ்லெட் படித்து வேலைக்குப் போக முடியுமா என்பதையும் பிள்ளை யோசிக்கட்டும். நான் பயமுறுத்த எழுதவில்லை, என் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது கேட்பதை வைத்துச் சொல்கிறேன்.

வடசேரி_அனலிசிஸ்:

வேலைக்கு நெட்வொர்க் தெரிந்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2020-ல் ஆன்டுன், ஹேன்சன் குழு காட்டியதைப் பாருங்கள்: பயிற்சி பெற்ற நெட்வொர்க்குகளில் கண்ணுக்கே தெரியாத சின்ன மாற்றத்தை உள்ளே கொடுத்தால் மீட்ட படத்தில் பெரிய பிசகு வருகிறது, சிலவற்றில் சின்னக் கட்டி போன்ற விவரமே காணாமல் போகிறது. ஸ்கேன் அறையில் இருக்கும் சார் மாதிரி ஆட்களுக்கு இது உயிர் விஷயம். எப்போது நம்பலாம் என்று சொல்ல நிரூபணம் வேண்டும். மல்லாவே 2012-ல் ஸ்கேட்டரிங் என்ற அமைப்பை எழுதினார், வேவ்லெட்டும் மட்டு மதிப்பும் அடுக்கடுக்காக வரும் நெட்வொர்க்தான், படம் கொஞ்சம் வளைந்தாலும் நெளிந்தாலும் விடை அதற்கேற்பக் கொஞ்சம்தான் மாறும் என்று அதற்கு நிரூபணம் இருக்கிறது. இதைப் படிக்க வேவ்லெட் தெரியாமல் முடியாது.

தக்கலை_கணிதம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணன் கொடுத்த எட்டு எண்களைக் கையால் செய்து பார்த்தேன், திருப்பிக் கட்டவும் வந்தது. கள்ளக்கடல் பற்றிப் படித்ததும் அப்பாவிடம் சொன்னேன், அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. திருநந்திக்கரைக் குடைவரைக் கோயிலில் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன, ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். பார்த்தால் அங்கங்கே கோடும் நிறத் தடமும் மட்டும்தான் தெரிகிறது. டோபெஷி ஓவியங்களையும் ஆராய்ந்தார் என்று அந்த உரையில் வந்தது. அது இதற்குப் பொருந்துமா?

குலசேகரம்_ஓவியம்:

பொருந்தும் மக்களே, ஆனால் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. நான் சுவரோவியப் பாதுகாப்பில் வேலை செய்கிறேன், பக்கத்து ஊர் என்பதால் அந்தக் குகைக்குப் பலமுறை போயிருக்கிறேன்.

பெல்ஜியத்தில் கெண்ட் நகரக் கதீட்ரலில் வான் ஐக் சகோதரர்களில் ஹூபர்ட் தொடங்கி யான் 1432-ல் முடித்த பெரிய பலகை ஓவியம் இருக்கிறது. அதில் டோபெஷியும் மற்றவர்களும் செய்த வேலையில் இரண்டு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்று, வண்ணப் பூச்சில் விழுந்த மெல்லிய விரிசல்களைப் படத்தில் கண்டுபிடித்து, சுற்றியுள்ள நிறத்தை வைத்துக் கணினியில் நிரப்பியது. ஓவியத்துக்குள் ஒரு புத்தகம் வரையப்பட்டிருக்கிறது, விரிசல் போன பிறகு அதன் எழுத்துகளை வாசிப்பது எளிதானது. இரண்டாவது இன்னும் அழகு: பலகையின் இரண்டு பக்கமும் ஓவியம் இருப்பதால் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். இரண்டு பக்கத்தின் சாதாரணப் புகைப்படங்களைத் துணையாக வைத்துக்கொண்டு அந்த ஒரே எக்ஸ்ரேயை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாத எண்கள், கூடுதல் தகவல் இல்லாமல் தீர்வே கிடையாது, அந்தக் கூடுதல் தகவலை எப்படி எழுதுவது என்பதுதான் ஆராய்ச்சி.

திருநந்திக்கரையில் விரிசல் பிரச்சினை இல்லை. நிறமே போய்விட்டது, மேலே உப்பும் பாசியும் கறையும். இங்கே எனக்குக் கை கொடுப்பது வேவ்லெட்டை விட எளிய ஒன்று: மூன்று நிற அளவுகளின் கோவேரியன்ஸ் அணியை (அவை எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டுவது) எடுத்து, அதன் ஐகன் வெக்டார்கள் திசையில் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் விரித்து, மறுபடி பழைய நிறங்களுக்குக் கொண்டுவருவது. டிகோரிலேஷன் ஸ்ட்ரெட்ச் என்பார்கள், செயற்கைக்கோள் படங்களுக்கு வந்த முறை, பாறை ஓவிய ஆய்வாளர்கள் இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். வெறும் கண்ணுக்குக் கறையும் காவியும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் கோடு தனியாக எழுந்து நிற்பதைப் பார்த்தால் உனக்கே நம்ப முடியாது. உன் எம்.எஸ்சி. லீனியர் அல்ஜீப்ராவே போதும். அதன் மேல் வேவ்லெட் வைத்து, பாறையின் சொரசொரப்பு எந்த அளவுத்தளத்தில் இருக்கிறது, தூரிகைக் கோடு எந்த அளவுத்தளத்தில் இருக்கிறது என்று பிரிக்க முயலலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கணக்கு கொடுக்கும் கோட்டையெல்லாம் ஓவியனின் கோடு என்று எழுதிவிடாதே. நிரப்பிய இடம் எது, அளந்த இடம் எது என்று படத்திலேயே தனி நிறத்தில் காட்டு. அந்தக் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, ஆய்வுக்காகப் படம் எடுக்க முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள், ஃபிளாஷ் போடக் கூடாது, நிற அட்டை வைத்து எடு. பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடி ஓவியங்கள் இதைவிட நன்றாக இருக்கின்றன, ஆனால் அது நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, அங்கே தனியாகக் கேட்க வேண்டும்.

முட்டம்_அலை:

ஓவியம் நல்ல யோசனைதான், ஆனால் அனுமதி வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அலைக்கு அந்தச் சிக்கல் இல்லை, முதலில் நீயே ஒரு சிக்னல் செய்துகொள்ளலாம்: மேலே எழுதிய சூத்திரத்தில் இரண்டு புயல், இரண்டு தூரம், மேலே இரைச்சல். விடை தெரிந்த சிக்னலில் முறை எங்கே உடைகிறது என்று பார்த்த பிறகு நிஜப் பதிவுக்குப் போ.

வடசேரி_அனலிசிஸ்:

நானும் அதையே சொல்வேன். புராஜெக்டின் முதல் பாதியில் ஹார், பல்தெளிவு அமைப்பு, டோபெஷியின் நான்கு கெழுக்களை நீயே தீர்ப்பது, ஹாரைத் தவிரச் சமச்சீர் இல்லை என்பதன் நிரூபணம். இது முழுக்கக் கணிதம், யாரும் இசிஇ என்று சொல்ல முடியாது. இரண்டாம் பாதியில் இரண்டு அலைக் கூட்டங்களைப் பிரிப்பது. பைத்தானில் பைவேவ்லெட்ஸ் இலவசம், ஆனால் ஹாரை முதலில் நீயே எழுது, பத்து வரிதான் வரும். ஓவியத்தை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள், அனுமதிக் கடிதத்தை மட்டும் இப்போதே அனுப்பிவிடு. பி.எட். பற்றி வீட்டில் பேசும்போது நெட் தேர்வில் ஜேஆர்எஃப், அல்லது தேசிய உயர் கணித வாரியத்தின் என்பிஎச்எம் தேர்வு, இரண்டில் ஒன்றில் தேறினால் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம் என்பதைச் சொல், ஆராய்ச்சி நிறுவனங்களில் விதுரையில் ஐசரும் வலியமலையில் ஐஐஎஸ்டியும் நமக்குப் பஸ் ஏறிப் போகிற தூரம்தான்.

தலைப்பை "இறுக்கமான தாங்கி உள்ள ஆர்த்தோநார்மல் வேவ்லெட்டுகளும் நேர-அதிர்வெண் பிரிப்பும்" என்று எழுதிக் கொடுத்துப் பார், இறுக்கமான தாங்கி என்றால் மேலே சொன்ன, சின்ன இடத்துக்குள் அடங்குவதுதான்.

தக்கலை_கணிதம்:

அண்ணா, தலைப்பைக் கொடுத்துவிட்டேன், சமச்சீர் நிரூபணத்தைப் பற்றிக் கேட்டார்கள், தெரிந்த வரை சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். குலசேகரம் அக்கா, அனுமதிக் கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று ஒரு மாதிரி இருந்தால் இங்கேயே போடுங்கள், வேறு யாருக்காவதும் உதவும். முட்டம் அண்ணா, இரண்டு புயலின் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, கிளம்பிய நாள் மட்டும் வேறாக இருந்தால் இரண்டு கோடுகளும் இணையாகப் போகும் அல்லவா, அப்போது எத்தனை மணி நேர இடைவெளி வரை பிரிக்க முடிகிறது என்று முதலில் பார்க்கப் போகிறேன்.